முளைக்காத கொன்றை விதை செத்ததா, உறங்குகிறதா?

கேள்வி: வேலியோரம் நடுவதற்காக 200 சரக்கொன்றை விதைகளைப் பைகளில் ஊன்றினேன். 40 நாள் தண்ணீர் ஊற்றியும் 6 விதைதான் முளைத்தது. மீதியைக் கொட்டிவிடலாமா? பேட்டரி ஆசிட்டில் ஊறப் போட்டால் முளைக்கும் என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். செய்யலாமா?
- வாசகி, அரியலூர் மாவட்டம்

பதில்: கொட்ட வேண்டாம், ஆசிட்டும் வேண்டாம். ஒரு பையைக் கிளறி விதையை எடுத்துப் பாருங்கள். ஊன்றியபோது இருந்த மாதிரியே கல்லாகவும் பளபளப்பாகவும் இருந்தால் அது சாகவில்லை, உறங்குகிறது. நசுக்கினால் கூழாக வந்தால்தான் அழுகல்.

நெல்லும் உளுந்தும் ஊறப் போட்டதும் ஒன்றுபோல முளை கட்டும். காட்டு மரம் அப்படிச் செய்தால் ஆபத்து. ஒரு கோடை மழைக்கு எல்லா விதையும் முளைத்து, அடுத்த மாதம் வெயிலில் காய்ந்தால் வம்சமே போச்சு. அதனால்தான் கொன்றை, கருவேல், குடைவேல் விதைகளின் தோல் தண்ணீரை உள்ளே விடுவதில்லை. வெயிலும் மழையும் மாறி மாறிப் பட்டு, தோலில் எங்காவது வழி விட்டால்தான் நீர் இறங்கும், விதை ஊதும், வேர் எட்டிப் பார்க்கும். ஆடு மேய்ப்பவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. கருவேலங்காய் தின்ற ஆடு அசைபோடும்போது துப்பும் விதையைப் பட்டியில் பொறுக்கி ஊன்றினால் நன்றாக முளைக்கும். (சீமைக் கருவேல் காய் தின்ற மாட்டின் சாணத்தை மட்க வைக்காமல் வயலில் போடாதீர்கள். அதுவும் இதே கதைதான்.)

உங்கள் விதைகளுக்கு ஒரு நகவெட்டி போதும். விதை காயோடு ஒட்டியிருந்த கூர்முனையில்தான் முளைவேர் இருக்கிறது. அதைத் தொடாமல் எதிர்முனையில், உள்ளே வெள்ளை தெரியும் அளவுக்குத் தோலை மட்டும் கிள்ளுங்கள். சிமெண்ட் தரையில் தேய்த்தாலும் சரி. இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டு, காலையில் ஊதியிருப்பதை மட்டும் அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். ஊதாததை மறுபடி கிள்ளுங்கள்.

கருவேல் விதை கிலோக்கணக்கில் இருந்தால் கிள்ளி முடியாது. தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு விதையைப் போட்டு ஒரு நாள் அப்படியே ஆற விடுங்கள். அடுப்பின் மேலேயே விட்டால் விதை வெந்துபோகும்.

நாற்றங்கால்களில் அடர் கந்தக அமிலம் பயன்படுத்துவது உண்டு, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு. பேட்டரி ஆசிட் தண்ணீர் கலந்தது. அந்த வேலைக்கு ஆகாது. கண்ணையும் கையையும்தான் பொசுக்கும்.

கூடவே வேம்பும் வைப்பதாக இருந்தால் கணக்கு நேர் எதிர். அது உறங்காது, காத்திருக்கவும் காத்திருக்காது. பழம் பொறுக்கிய 2 வாரத்துக்குள் சதையைக் கழுவி ஊன்றிவிடுங்கள்.