நெய்யா, முளைக்கயிறா?

தளவாய் என்றால் படைத்தலைவன் என்று பொருள். ராஜபாளையத்தை அடுத்த தளவாய்புரத்து மாணவர்கள் தம் ஊர்ப்பெயரிலேயே குளம்பொலி கேட்பதாக எண்ணிக்கொள்ளலாம். ஆனால் அந்நாளில் பாண்டிய நாட்டுப் படைக்குதிரைகள் பட்ட பாடு மகிழ்ச்சிக்குரியதன்று.

பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவிலிருந்து ஆண்டுக்கு 1,400 குதிரைகள் பாண்டிய மன்னனுக்கு வர ஒப்பந்தம் இருந்தது. ஒன்றின் விலை 220 பொன் தினார். வந்தவை விரைவில் நலிந்தன. அரிசிச் சோற்றில் இறைச்சி கலந்து கொடுத்தார்கள் என்கிறார் மார்க்கோ போலோ. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இன்னும் விரிவாகச் சொல்கிறார்: வறுத்த பார்லி, நெய்யிட்டுச் சமைத்த தானியம், காய்ச்சிய பசும்பால். கொழுக்க வேண்டுமென்று 40 நாள் லாயத்தில் முளையடித்துக் கட்டிவைப்பார்களாம்!

“நெய்தான் கெடுத்தது” என்று உடனே தீர்ப்புக் கூறத் தோன்றும். நான் அதை ஏற்கவில்லை.

குதிரைக்குப் பித்தப்பை கிடையாது. பித்தநீர் ஓயாமல் குடலில் சொட்டிக்கொண்டே இருக்கிறது. ஆகவே, சிறிது சிறிதாகப் பழக்கினால் எண்ணெயை அது நன்றாகவே செரிக்கும். கடினமாக உழைக்கும் குதிரைக்குத் தானியத்தில் ஒரு பகுதியைக் குறைத்து, ஈடாக எண்ணெய் சேர்த்தால், தீனிக்குப்பின் இரத்தத்தில் சர்க்கரையும் இன்சுலினும் அவ்வளவாக ஏறுவதில்லை.

உழைக்காமல் நிற்கும் குதிரையின் கதை வேறு. மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4 கலோரி தந்தால் கொழுப்பு 9 தருகிறது. தானியத்தைக் குறைக்காமல் அதன்மேல் நெய்யையும் ஊற்றினால் உடல் பருக்கும். பருத்துச் சோம்பிய உடலின் தசைகள் இன்சுலினின் சொல்லைக் கேட்பதில்லை. கணையமோ மேலும் மேலும் சுரக்கிறது. 2007இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் நலமான மட்டக்குதிரைகளின் இரத்தத்தில் இன்சுலினை மட்டும் உயர்த்திப் பார்த்தனர். மூன்று நாட்களுக்குள் குளம்புகள் அழன்றன! குளம்பின் சுவரையும் உள்ளெலும்பையும் பிணைக்கும் மடிப்புகள் நெகிழ்ந்துவிட்டால் குதிரையால் நிற்கவே முடியாது.

பாண்டியர் குதிரைகளெல்லாம் இதனால்தான் மடிந்தன என்று நான் சொல்லவில்லை. வெப்பமும், லாடம் கட்டத் தெரிந்தவர் இல்லாத குறையும் இருந்தன. எனினும் வஸ்ஸாஃபின் பட்டியலில் என்னைக் கவலைப்படுத்துவது நெய்யன்று, அந்த 40 நாள் கயிறுதான்.

இன்றும் திருமண ஊர்வலத்துக்கு மட்டும் வெளியே வந்து, மற்ற நாளெல்லாம் கட்டுத்தறியில் வெல்லமும் சோறும் தின்னும் குதிரைகள் உண்டு. அவற்றின் கழுத்து மேட்டில் கொழுப்புத் திரண்டிருந்தால், உரிமையாளர் வெல்லத்தையும் சோற்றையும் நிறுத்திப் புல்லைக் கொடுத்து, நாள்தோறும் நடத்திச் செல்லட்டும். குளம்பு ஏற்கெனவே சூடாகி, கால் ஊன்றத் தயங்கினால் மட்டும் நடத்தக்கூடாது. கால்நடை மருத்துவரை அன்றே அழைக்க வேண்டும்.