நிலக்கரி இல்லாவிட்டால் இருட்டா?

பாண்டிருப்பில் கரண்ட் போனால் கடைவாசலில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: “சோலார், காற்றாலையெல்லாம் பேச்சுக்குத்தான். நுரைச்சோலை நின்றால் நாடே இருட்டு.” பின்பாதி ஏறத்தாழ உண்மை. வில்லங்கமே அதுதான்.

நிலக்கரி மலிவு என்கிறார்கள். இந்த நாட்டில் ஒரு கிலோ நிலக்கரிகூடத் தோண்டுவதில்லை. எல்லாம் டொலர் கொடுத்துக் கப்பலில் வருவது. 2011இல் தொடங்கி 2014இல் 900 மெகாவாற்றாக முழுமையடைந்த புத்தளத்து நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் கப்பல் கரையண்டாது. வெளிக்கடலில் நங்கூரமிட்டு, பாதைப்படகுகளில் கரியை இறக்க வேண்டும். கச்சான் காற்றுக் காலத்தில் நம் கிழக்குக் கடல் படுத்துக் கிடக்கும். மேற்குக் கடல் கொந்தளிக்கும். அந்த மாதங்களில் இறக்கவே முடியாது என்பதால் முன்கூட்டியே கொண்டுவந்து குவித்துவைக்கிறார்கள். பருவமும் டொலரும் ஒருசேர ஒத்துழைத்தால்தான் இந்த மலிவு. இறக்குமதி எரிபொருளை நம்பியவர்களுக்கு டொலர் தீர்ந்தால் என்ன நடக்கும் என்பதை 2022இல் 13 மணித்தியால மின்வெட்டு காட்டிவிட்டது.

அடுத்தது, நம்பகம். 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடே இருண்டது. ஞாயிற்றுக்கிழமை, தேவை குறைவு, சோலார் அதிகம், அதனால் மின்கட்டமைப்பு தாங்கவில்லை என்றார்கள். அதில் நியாயமுண்டு. ஆனால் அன்று நின்றுபோன நுரைச்சோலையின் மூன்று அலகுகளும் உடனே எழும்பவில்லை. அடுத்தடுத்த நாட்களிலும் சுழற்சி முறையில் மின்வெட்டு. அதைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை.

‘புகை புத்தளத்தில், நமக்கென்ன?’ என்பவர்கள் சம்பூரை மறந்துவிட்டார்கள். இந்திய நிறுவனத்தோடு சேர்ந்து 500 மெகாவாற் அனல்மின் நிலையம் வரவிருந்தது நம் கிழக்குக் கரையில்தான். போரில் பெயர்ந்த சனங்கள் ஊர் திரும்பப் போராடிக்கொண்டிருந்த மண் அது. 2016இல் அரசு திட்டத்தைக் கைவிட்டது. அங்கே இப்போது சோலார் திட்டம்.

‘இரவில் சூரியன் ஏது?’ வலுவான கேள்வி இதுவொன்றுதான். மாலை ஆறரைக்குப் பிறகுதான் வீடுகள் மின்சாரத்தை இழுக்கின்றன. ஆனால் பகலைச் சூரியன் பார்த்துக்கொண்டால் விக்டோரியா, கொத்மலை நீர்த்தேக்கங்களின் தண்ணீரை இரவுக்கென்று பிடித்துவைக்கலாம். மிச்சத்துக்குப் பற்றரி வேண்டும், அதற்குக் காசு வேண்டும். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்திவைக்கச் சொல்லி மின்சார சபையே கேட்டது. அன்று நமக்கு வெயில் குறையவில்லை, அதைச் சேமிக்க இடம்தான் இருக்கவில்லை. கரிக்கப்பலுக்கு வருடாவருடம் தேடும் டொலரில் ஒரு பங்கையாவது அதற்கு ஒதுக்கச் சொல்லித்தான் கேட்கிறோம்.