விலைவாசி விதித்த வரி

2022 செப்டெம்பரில் இலங்கையின் பணவீக்கம், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, 69.8 சதவீதத்தைத் தொட்டது. உணவுப் பொருள்களின் விலையேற்றமோ 94.9 சதவீதம். அடுத்த செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதத்துக்கு இறங்கியதும், நாடு மீண்டுவிட்டது என்ற பேச்சு மேலோங்கியது. தணிந்தது விலையேற்றத்தின் வேகம் மட்டுமே. ஏறிய விலைகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அந்த ஓராண்டில் உழைப்பவரிடமிருந்து பறிபோனதை எவரும் திருப்பித் தரவுமில்லை.

இத்துயரம் ஆட்சியாளரின் முடிவுகளால் விளைந்தது. 2019 இறுதியில் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பெருந்தொற்று சுற்றுலா வருவாயை அழித்தபோது திறைசேரி ஏற்கெனவே மெலிந்திருந்தது. பற்றாக்குறையை ஈடுசெய்ய, மத்திய வங்கி திறைசேரி உண்டியல்களைத் தானே வாங்கிப் புதுப் பணத்தைப் புழக்கத்தில் விட்டது. 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட, நெல் விளைச்சல் சரிந்தது. டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாய் என்று இறுகப் பிடித்து வைத்திருந்த நாணயம், 2022 மார்ச்சில் பிடி தளர்ந்ததும், இரண்டே மாதங்களில் 360 ரூபாய் அளவுக்கு வீழ்ந்தது. வரி விதிப்பதென்றால் நாடாளுமன்றத்தில் விவாதம் உண்டு, வாக்கெடுப்பு உண்டு. விலையேற்றத்தின் வடிவில் மக்களின் மடியிலிருந்து எடுக்கப்பட்ட இந்த வரிக்கு எவருடைய ஒப்புதலும் கேட்கப்படவில்லை.

அது யார்மீது விழுந்தது என்பதைத் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்தில் காணலாம். நெடுங்காலப் போராட்டத்துக்குப் பின் 2021இல்தான் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அன்று அது ஐந்து டொலர் அளவு. நாணயம் வீழ்ந்தபின் மூன்று டொலருக்கும் கீழ். குறித்த நிறைக்குக் கொழுந்து பறிக்காவிட்டால் அரைப்பேர்தான், அதாவது அதிலும் பாதி. உரமின்றிக் கொழுந்தும் குறைந்த காலம் அது. தோட்டக் குடியிருப்பான லயன் அறையின் அடுப்பில் அன்றாடம் வேகும் கோதுமை மா ரொட்டியே அக்குடும்பங்களின் முதன்மை உணவு. மாவின் விலை பன்மடங்கானபோது, பிள்ளைக்கு இரண்டு ரொட்டி தந்த தாய் ஒன்றைத் தந்தாள். தனக்கென்று வைத்ததை மறுநாளுக்கு எடுத்து வைத்தாள். நிலமும் டொலரும் வைத்திருந்தோர் தங்கள் செல்வத்தைக் காத்துக்கொண்டனர். அவளிடம் இருந்தது அந்த 1,000 ரூபாய் மட்டும். அது 2024 வரை உயரவேயில்லை.

ஓய்வுகாலத்துக்கென ஊழியர் சேமலாப நிதியில் பணமிட்டோரின் கதையும் வேறன்று. 2022ஆம் ஆண்டுக்கு அவர்களுக்குக் கிடைத்த வட்டி 9 சதவீதம். அடுத்த ஆண்டு உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது, வங்கிகளின் திறைசேரி முறிகள் விட்டுவைக்கப்பட்டன. ஓய்வுகால நிதிகளின் முறிகளோ குறைந்த வட்டிக்கு மாற்றப்பட்டன. வங்கிகள் தள்ளாடினால் நாடே தள்ளாடும் என்ற வாதத்தை நாம் புறந்தள்ளவில்லை. ஆயினும், ஏற்கெனவே இழந்தவரிடமே மறுபடியும் கைநீட்டியது அறமாகாது.

2023 நவம்பரில் நாட்டின் அதியுயர் நீதிமன்றம், அக்கால ஆட்சியாளரான கோட்டாபய, மஹிந்த, பசில் ராஜபக்ஷ உள்ளிட்டோர் பொருளாதாரத்தைக் கையாண்டதில் மக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினர் எனத் தீர்ப்பளித்தது. மனுதாரர்க்கு வழக்குச் செலவு கிடைத்தது. மக்களுக்கு இழப்பீடு இல்லை. அரசுக்காகப் பணம் அச்சிடுவதை அதே ஆண்டின் மத்திய வங்கிச் சட்டம் தடுத்திருப்பது வரவேற்கத்தக்கது. எனினும் அது வருங்காலத்துக்கான காப்பு மட்டுமே. நடந்ததற்கு நாடாளுமன்றமே ஈடு காண வேண்டும். தோட்டச் சம்பளம் ஆண்டுதோறும் விலைச் சுட்டெண்ணோடு சேர்ந்து உயர்வதைச் சட்டமாக்க வேண்டும். 2022இல் சேமலாப நிதி உறுப்பினர் இழந்ததைக் கணக்கிட்டு, சிறு சேமிப்பாளரிலிருந்து தொடங்கி, வரவு செலவுத் திட்டத்தின் வழியே தவணை முறையில் திருப்பிச் செலுத்த வேண்டும்.