சொல்லலாமா, சொல்லாதிருக்கலாமா?

நம் சங்கத்து அன்பர் ஒருவர் அண்மையில் ஒரு கவலையை நம்மிடம் தெரிவித்தார். அவருடைய புதல்வருக்கு ஆட்டிசம் உண்டு. கணக்கில் பிழை காண முடியாத இளைஞர்; எழுதித் தந்த வேலையைச் செவ்வனே முடிப்பார். ஆனால் நால்வர் ஒருசேரப் பேசினால் திகைத்துவிடுவார். அவருக்குத் தனியார் நிறுவனமொன்றில் கணக்கர் வேலை கிடைத்திருக்கிறது. "முதலாளியிடம் நானே சொல்லிவிடட்டுமா?" என்பது தந்தையின் கேள்வி.

இதனைத் தீர்மானிக்க வேண்டியவர் தந்தையல்லர், மகனே என்பது நம் கருத்து. அபர்தீன் பஜாரில் காலையில் பேசப்படுவது மாலைக்குள் ஊரெங்கும் பரவும் நம் தீவில், ஒருமுறை சொன்னதைத் திரும்பப் பெற இயலாது.

சட்டம் கூறுவதையும் அறிதல் நன்று. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெறவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதனை 21 வகைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. அரசுப் பணியின் 4 சதவீத ஒதுக்கீட்டில், 1 சதவீதம் ஆட்டிசம் முதலிய சில வகையினருக்கு உரியது. அதனை நாடுவோர், குறைபாடு 40 சதவீதத்திற்குக் குறையாதது என்னும் சான்றிதழைக் காட்டியே தீரவேண்டும். அங்கே மறைத்தலுக்கு இடமில்லை. தனியார் நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிடுதல் வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் இதற்கெனத் தொடர்பு அலுவலர் ஒருவரும் இருத்தல் வேண்டும்.

ஆயினும் சட்டம் வேறு, மனிதர் மனம் வேறு. சொன்னதனால் பதவி உயர்வை இழந்தோர் உண்டு. சொல்லாமல் பிறரைப்போல் நடித்து நடித்தே உடலும் உள்ளமும் சோர்ந்தோரும் உண்டு.

இரண்டிற்கும் இடையே ஒரு வழி இருக்கிறது. பெயரைச் சொல்லாமல் தேவையை மட்டும் சொல்லலாம். "வேலையை எழுதித் தாருங்கள், சந்தடியில்லாத இடத்தில் மேசை கொடுங்கள்" என்று கேட்பதில் பொய்யுமில்லை, தாழ்வுமில்லை. அது போதாதபோது, நிறுவனத்தின் கொள்கையைப் படித்தறிந்து, நம்பத்தக்க ஒருவரிடம் எழுத்து மூலமாகத் தெரிவிக்கலாம். எழுத்தில் இருப்பது பின்னாளில் சாட்சியாக நிற்கும்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. இத்தீவுகளில் உறவினரும் ஊராரும் பரிந்து பேசியே பல வேலைகள் கிடைக்கின்றன. வேலை வாங்கித் தந்தோம் என்னும் உரிமையில், அவ்விளைஞர் சொல்லாததை நாம் சொல்லாதிருப்போமாக.