எங்கள் குளங்கள் ஈரநிலம் இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் எல்லாப் பத்திரிகைகளிலும் அருவிப் படம் வருகிறது. அந்தத் தண்ணீர் அருவியை விட்டு இறங்கிய பிறகு என்னவாகிறது என்று யாரும் எழுதுவதில்லை. சிற்றாறாக ஓடி, 17 அணைக்கட்டுகளில் பிரிந்து, பாவூர், மாறாந்தை போன்ற கால்வாய்கள் வழியே குளம் குளமாகப் பெருக்கிவிட்டு, மிச்சம்தான் சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் சேருகிறது. மலையடிவாரம் நனைகிற அதே ஆடியில் ஆலங்குளம் பக்கம் புழுதிக்காற்று வீசும். இங்கே கிணற்றில் தண்ணீர் ஊறுவது குளத்தில் தண்ணீர் நிற்கிற வரைக்கும்தான். குளம் காய்ந்தால் சின்ன வெங்காயமும் மிளகாயும் காயும், குடிதண்ணீருக்குக் குடங்கள் வரிசையில் நிற்கும்.

இப்படிப்பட்ட குளங்களைத்தான் மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகள் கைவிட்டிருக்கின்றன. பாசனத்துக்காகவும் குடிநீருக்காகவும் மனிதர் அமைத்த நீர்நிலைகள் ஈரநிலம் ஆகாது என்று அந்த விதிகளின் வரையறையே சொல்கிறது. தென்காசி மாவட்டத்தில் மலையை விட்டுக் கீழே வந்தால், பாசனத்துக்கு வெட்டாத குளம் எத்தனை தேறும்? நாரையும் கூழைக்கடாவும் வந்து இறங்குகிற குளங்களும் பாசனக் குளங்கள்தானே! இஸ்ரோவின் அகமதாபாத் மையம் தயாரித்த ஈரநில வரைபடத் தொகுப்பில் குளங்களும் ஏரிகளும் மனிதர் அமைத்த ஈரநிலங்களாக இடம்பெற்றிருக்கின்றன. செயற்கைக்கோளுக்குத் தெரிவது சட்டத்துக்குத் தெரியவில்லை என்பதை எப்படி ஏற்பது?

இதனால் நாங்கள் இழப்பது சிறிதல்ல. அறிவிக்கப்பட்ட ஈரநிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றக் கூடாது. அதில் குப்பை கொட்டக் கூடாது, சுத்திகரிக்காத கழிவுநீரை விடக் கூடாது. கடந்த பத்தாண்டுகளின் சராசரி உயர்வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம் கட்டக் கூடாது. அந்த விதிகளின்படி இதில் ஒரு பாதுகாப்பும் எங்கள் குளங்களுக்குக் கிடையாது. ஏரிகளைப் பாதுகாக்க 2007ஆம் ஆண்டிலேயே மாநிலச் சட்டம் வந்துவிட்டதே என்பார்கள். அது முக்கியமாக ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கான சட்டம். ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கும் குளத்துக்கும், சீமைக்கருவேலம் அடைத்த வரத்துக்காலுக்கும் அது மட்டும் போதாது.

எனக்குப் பெரிய பயம் வேறொன்று. நெல்லை–தென்காசி நான்குவழிச் சாலையை ஒட்டி வயல்கள் மனைகளாகிக்கொண்டிருக்கின்றன. ஆயக்கட்டு போய்விட்டால், பாசனம் இல்லாத குளம் எதற்கு என்ற கேள்வி தானாக வரும். திருநெல்வேலிப் புதிய பேருந்து நிலையம் இன்று வேய்ந்தான்குளத்தில்தான் நிற்கிறது. அந்தக் குளமும் ஒரு காலத்தில் வயலுக்குத் தண்ணீர் கொடுத்ததுதான். நெல் விளையாவிட்டாலும் நிலத்தடி நீருக்குக் குளம் வேண்டும். 2023 டிசம்பரில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழை போல இன்னொரு மழை வந்தால், அதைத் தாங்கிப் பிடிக்கவும் குளம் வேண்டும்.

பக்கத்து மாவட்டத்துக் கூந்தன்குளமும் பாசனக் குளம்தான். பறவைகள் சரணாலயமானதால் அதற்குக் காவல் கிடைத்தது. 2022இல், சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் ஏறியது. தமிழ்நாட்டில் 20 ராம்சார் தலங்கள் இருப்பதில் எனக்கும் பெருமைதான். அந்தப் பட்டியலில் இல்லாத ஊர்க்குளத்தை நம்பித்தான் எங்கள் கிணறுகள் இருக்கின்றன.

இரண்டே கால் ஹெக்டேருக்கு மேற்பட்ட ஈரநிலங்களைக் களத்தில் சரிபார்த்து எல்லை வகுக்குமாறு 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. மாநில ஈரநில ஆணையம் தென்காசி மாவட்டத்தில் எந்தெந்தக் குளங்களை அளந்தது என்ற பட்டியலை, சர்வே எண்ணோடு கிராம சபைகளில் வைக்க வேண்டும். விட்டுப்போன குளங்களைக் கடைமடையிலிருந்து தொடங்கிச் சேர்க்க வேண்டும். வரத்துக்காலையும் சேர்த்தே அளக்க வேண்டும். 2017 விதிகளில் பாசனக் குளங்களுக்குப் போட்ட விலக்கை நீக்கச் சொல்லித் தமிழக அரசு மத்திய அரசுக்கு எழுத வேண்டும். பிசான சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பதற்குள் முதல் பட்டியலாவது வெளிவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குளத்துப் பாசன விவசாயி ஒருவர்,
கீழப்பாவூர், தென்காசி மாவட்டம்.