அரவானுக்கு அழும் காதல்

காதலும் துக்கமும் ஓர் இரவு இடைவெளியில் வந்துபோவது கூவாகத்தில். சித்திரைத் திருவிழாவுக்காக விழுப்புரம் விடுதிகளில் வந்து தங்கும் திருநங்கையர், உளுந்தூர்பேட்டை பக்கமுள்ள கூவாகம் கூத்தாண்டவர் கோயிலில், மகாபாரதப் போருக்காகக் களப்பலியாகித் தெய்வமாக வணங்கப்படும் அரவானைக் கணவனாக வரித்து, பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் தேரோட்டம் முடிந்து அரவான் களப்பலியானதும் தாலி அறுபடும், வளையல் உடைபடும், ஒப்பாரி எழும். உடுத்துவது வெள்ளைச் சேலை. வீட்டாரும் ஊராரும் ஒதுக்கியதால் நெஞ்சில் தேங்கிய ஏக்கம் அந்த அழுகையில் கரைகிறது. கூடி அழும்போது துயரம் சற்றே ஆறும் என்பது மனித மனத்தின் இயல்பு. ஆனாலும் தெய்வத்தோடு ஒரு நாள் இல்லறம் அவர்களுக்குப் போதும் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. மனிதரோடு வாழும் இல்லறத்துக்கும் அவர்களுக்கு உரிமை உண்டு: ஆணுக்கும் திருநங்கைக்கும் நடக்கும் திருமணம் இந்துத் திருமணச் சட்டப்படி செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019-இல் தீர்ப்பளித்திருக்கிறது.