மூத்தோர் அச்சமும் நம் பொறுப்பும்

ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரின் கைப்பேசி ஒலிக்கிறது. அவர் பெயரில் அனுப்பப்பட்ட பொதியில் போதைப்பொருள் சிக்கியதாக ஒரு குரல் மிரட்டுகிறது. சற்று நேரத்தில் காவல் உடையணிந்தவன் காணொளியில் தோன்றி, "உம்மை டிஜிட்டல் கைது செய்துள்ளோம், மனைவியிடமும் சொல்லலாகாது" என ஆணையிடுகிறான். சரிபார்த்துத் திருப்பித் தருவதாகக் கூறி, வாழ்நாள் சேமிப்பைத் தான் குறிக்கும் கணக்கிற்கு மாற்றச் செய்கிறான். நாளேடுகளில் நாம் அடிக்கடி படிக்கும் செய்தி இது.

ஏமாந்தோரை அறிவிலிகள் என எள்ளுவோருடன் நாம் உடன்படுவதற்கில்லை. அவர்களுள் மருத்துவரும் பொறியாளரும் உளர். சட்டத்திற்கு அஞ்சி வாழ்ந்த ஒழுக்கமே அவர்களை வீழ்த்திற்று. காவல் நிலைய வாயிலை மிதித்தறியாதவர்க்கன்றோ கைது என்னும் சொல் இடியென விழும்! காணொளி வழிக் கைது என ஒன்று நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. 27.10.2024 அன்று பிரதமரே வானொலி உரையில் இதனை எடுத்துரைத்தார். ஆயினும் அஞ்சி நடுங்கும் நெஞ்சிற்கு அறிவிப்புகள் எட்டுவதில்லை. வீட்டிலுள்ளார் குரல் எட்டும். அதனாற்றான் வஞ்சகன் அக்குரலை முதலில் அடைக்கிறான்.

நம் இல்லங்களின் குறையையும் சொல்லியாக வேண்டும். "இதுகூடத் தெரியாதா, அத்தா?" எனச் சலித்துக்கொள்ளும் பிள்ளையிடம் எந்தத் தந்தை மறுமுறை ஐயம் கேட்பார்? பணம் பறிகொடுத்த பின்னரும் மகன் அறியலாகாதென மறைப்பார். அந்தச் சில மணி நேரத்தில் பணம் பல கணக்குகளுக்குத் தாவிவிடுகிறது. 1930 என்னும் எண்ணிற்கு உடனே அறிவித்தால், எஞ்சிய தொகையையேனும் முடக்க வழியுண்டு.

அப்பணம் தாவும் கணக்குகள் யாருடையவை? மாணவ நண்பர்களே, இங்குதான் நாம் தலைகுனிய நேர்கிறது. சில ஆயிரம் ரூபாய்க்காகத் தம் வங்கிக் கணக்கையும் ஏ.டி.எம். அட்டையையும் முன்பின் அறியாதவரிடம் ஒப்படைக்கும் இளைஞர் பலர். அதன் வழியே எவர் வீட்டுப் பாட்டனாரின் சேமிப்பு கடந்து சென்றதென அவர்கள் கேட்பதில்லை. காவலர் வரும்போது அக்கணக்கில் இருப்பது அவர்தம் பெயரே.

மத்திய அரசு ஓய்வூதியர் ஆண்டுதோறும் நவம்பரில் வாழ்நாள் சான்று அளிக்க வங்கிகளை நாடுவர். அவ்வேளையில் நம் துறை மாணவர் இருவர் மூவராக அங்குச் சென்று, படிவம் நிரப்ப உதவி, இவ்வஞ்சகத்தையும் பொறுமையாக விளக்கலாம். 1930 என்னும் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிக் கையில் தரலாம். இவ்வாண்டே இதனைத் தொடங்கலாம் என்பது நம் கருத்து.